ஏழாவது கை

இரண்டு மணித்தியால வேலை என்று அந்தச் சட்டத்தரணிப் பெண் சொன்னாள். எங்கள் ஆண்கள் அதைக் கேட்டுச் சிரித்தார்கள். இரண்டு மணித்தியாலத்தில் முடிகிற வேலைக்கு வெளியில் ஆள் பிடிப்பதா? யாழ்ப்பாணத்தான் வேலிக்கும் ஒழுங்கைக்கும் கிணற்றுப் பங்குக்குமாக வழக்காடிக் கோடு கச்சேரி ஏறி இறங்கியே வளர்ந்தவன். ஒரு சங்கத்தின் விதிகளைச் சொல்லும் யாப்பை எழுத அவனுக்குச் சட்டத்தரணி வேண்டுமாம்! நாங்களே எழுதினோம். ஐந்து மாதம் எடுத்தது.

எண்பத்தாறாம் ஆண்டு. ஜேர்மனியின் மேற்கே, நிலக்கரிச் சுரங்கங்களை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த ஒரு சிறு நகரம். கிழக்கு பெர்லின் விமான நிலையமான ஷோனெஃபெல்டில் வந்திறங்கி, பெர்லினின் மேற்குப் பக்கம் கடந்து, பின் நாலு திசையும் பிரித்து அனுப்பப்பட்டவர்களில் எங்கள் பங்கு இந்த ஊருக்கு வந்தது. எங்களை ஒரு பழைய பள்ளிக்கூடத்தில் வைத்திருந்தார்கள். அதன் பெயர் ஹைம். அகதிகள் விடுதி என்று சொன்னால் விளங்கும். எங்களுக்குக் கிடைத்தது ஒரு வகுப்பறை. கரும்பலகையைக்கூடக் கழற்றவில்லை. நடுவில் என்னுடைய இரண்டு சேலைகளை இணைத்துத் தொங்கவிட்டு, இந்தப் பக்கம் நானும் கணவரும் நாலு வயது மகனும், அந்தப் பக்கம் புதிதாகக் கலியாணம் முடித்த ஒரு சோடியும் குடியிருந்தோம். அந்தப் பெண் என்னை அக்கா என்பாள். நான் அவளைத் தங்கச்சி என்பேன். சேலைக்கு இரண்டு பக்கமும் இருந்தபடியே பேசிக்கொள்வோம், முகம் பார்க்கத் தேவையிருக்கவில்லை.

எங்கள் பக்கத்துச் சுவரில் பூஞ்சணம் கறுப்பாகப் படர்ந்திருந்தது. மகனுக்கு இருமல் நிற்கவேயில்லை. சுவரை மாற்றுங்கள், மருந்தை மாற்றிப் பயனில்லை என்று டொக்டர் சொல்லிவிட்டார். எனக்கு அப்போது இந்த உலகத்தில் ஒரேயொரு ஆசைதான் இருந்தது. காய்ந்த சுவரும், பூட்டுகிற கதவும் உள்ள ஓர் அறை. பிள்ளை உள்ள குடும்பங்கள் வாடகை ஒப்பந்தம் கொண்டுவந்தால் வெளியே போகலாம் என்று எங்களுக்கு உதவிப்பணம் தருகிற சோசல் அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். ஒப்பந்தம் யார் தருவது? எங்கள் கையிலிருந்த கடதாசிக்கு ஆறு மாதம்தான் ஆயுள். வீட்டுக்காரர்கள் அதைப் பார்த்ததும் கதவைச் சாத்தினார்கள். மரியாதையாகச் சாத்தினார்கள் என்பதையும் சொல்லவேண்டும்.

ஒரேயொரு கிழவி மட்டும் சாத்தவில்லை. தேவாலயத்துக்குப் பின்னால் அவளுக்கு ஒரு வீடு. கீழே அவள் இருந்தாள். மேலே இரண்டு பெரிய அறைகள், ஒரு குசினி, ஒரு குளியலறை, அதற்கும் மேலே ஒரு பரண் அறை எல்லாம் சும்மா கிடந்தன. அறைக்கு ஒரு குடும்பமாக இரண்டு குடும்பம் தாராளமாக இருக்கலாம். நான் அறைச் சுவரைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. கிழவிக்கு எங்களைப் பிடித்துக்கொண்டது, ஆனால் ஒரு நிபந்தனை வைத்தாள். தனி ஆளுக்குத் தரமாட்டாள். உங்களை நாளைக்குத் திருப்பி அனுப்பிவிட்டால் நான் வாடகைக்கு யாரைப் பிடிப்பது, ஒரு ஃபெரைன் என்றால் இன்றைக்கே கையெழுத்து வைக்கிறேன் என்றாள்.

ஃபெரைன் என்றால் பதிவு செய்த சங்கம். ஜேர்மன்காரருக்குத் தனிமனிதனில் இல்லாத நம்பிக்கை சங்கத்தில் உண்டு. புறா வளர்க்கிறவனுக்கு ஒரு சங்கம், முயல் வளர்க்கிறவனுக்கு ஒரு சங்கம், பாடுகிறவனுக்கு ஒன்று, நடக்கிறவனுக்கு ஒன்று. ஏழு பேர் சேர்ந்து ஒரு யாப்பு எழுதி நீதிமன்றத்தில் பதிந்துவிட்டால், அந்தச் சங்கம் ஓர் ஆளுக்குச் சமன். வீடு எடுக்கும், வீடு கொடுக்கும், வழக்குப் போடும், வழக்கு வாங்கும். எங்களுக்கு இது புதிதா என்ன? மூன்று தமிழன் கூடினால் நாலு சங்கம் வைக்கிற இனம்தானே நாங்கள்.

எங்கள் அகதி வழக்குகளைப் பார்த்துவந்த சட்டத்தரணிப் பெண் தானே முன்வந்து, யாப்பை நான் எழுதித் தருகிறேன், கொஞ்சம் கொஞ்சமாகக் காசைத் தாருங்கள் என்றாள். அவளுடைய பிழை இரண்டு. வயது முப்பதுக்குள். அதோடு பெண்.

“உந்தச் சின்னப் பெட்டைக்கு என்ன தெரியும்? பதினொரு வருசம் காணி உறுதி எழுதின கை இது” என்றார் நொத்தாரிசு அண்ணை.

அவர் நொத்தாரிசு இல்லை. ஊரில் காணிப் பத்திரம் பதிகிற ஒரு நொத்தாரிசிடம் கிளாக்காக இருந்தவர். தன் நொத்தாரிசுக்கே சட்டம் சொல்லிக்கொடுத்தது தான்தான் என்று அவரே சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அந்த நொத்தாரிசு மறுக்க வரவில்லை, ஐயாயிரம் மைலுக்கு அப்பால் இருந்தார். ஹைமில் இன்னொருவரும் இருந்தார், தலைவர். சங்கம் தொடங்குவதற்கு முதலே அவர் தலைவர். ஊரில் கூட்டுறவுக் கடை முகாமையாளராக இருந்தவர், ஆறு மாதம் சீனியும் மாவும் அளந்து கொடுத்துப் பழகிய கம்பீரம் நடையில் தெரியும். அவருக்கும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் உண்டு.

முதல் இரண்டு மாதமும் பதவிகளுக்குப் போயின. தலைவர், உபதலைவர், செயலாளர், உபசெயலாளர், பொருளாளர், கணக்காய்வாளர், காப்பாளர், சட்ட ஆலோசகர், ஒன்பதாவதாக ஏதோ ஒன்று. ஆட்கள் ஏழு, பதவி ஒன்பது. சாதாரண உறுப்பினர் என்று ஒருவருமே இல்லை. என் கணவருக்குச் செயலாளர் பதவி கிடைத்தது. அன்றைக்கு அவர் கட்டிலில் படுத்திருந்து கரும்பலகையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்ததை நான் கண்டேன்.

பிறகு நொத்தாரிசு அண்ணை யாப்பைச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஊரில் நான் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் தட்டெழுத்து வேலை பார்த்தவள், சொன்னதை எழுதுவேன், சொன்னதன் பொருளைப் பற்றிக் கவலைப்படமாட்டேன். முதல் பிரதியில், காணி உறுதிகளில் வழக்கமாக எழுதுகிற வழி வாய்க்கால் பாத்தியதை வந்துவிட்டது. மேல்மாடி அறைகளுக்கு எதற்கு வாய்க்கால் என்று நான் கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, இருந்தால் குறைவில்லை என்றார். அதற்குக் கீழேதான் அந்த வசனம் வந்தது: சங்கத்தின் சகல தீர்மானங்களும் ஏகமனதாக நிறைவேற்றப்படும்.

அதை நானும் யோசிக்காமலே எழுதினேன். எங்கள் ஊர்க் கூட்ட அறிக்கைகளில் அந்தச் சொல் இல்லாத பக்கம் கிடையாது. ஒருவர் முன்மொழிவார், ஒருவர் வழிமொழிவார், ஏகமனதாக ஏற்றுக்கொள்ளப்படும். வாசிகசாலைக் கூட்டத்தில் கதிரை பறந்து ஒருவருக்கு மண்டை உடைந்திருக்கும். அறிக்கையில் ஏகமனதாக என்றுதான் இருக்கும். அது ஓர் அலங்காரம், அழைப்பிதழில் மேலே போடுகிற பிள்ளையார் சுழி மாதிரி. எழுதாவிட்டால் எழுத்துக்கு இலட்சணம் போதாது என்று தோன்றும்.

யாப்பை ஜேர்மன் மொழியில் ஆக்கித் தந்தவர் பக்கத்து நகரத்துப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்த ஒரு சென்னைக்காரர். அவர் அந்த வரியில் பேனையை நிறுத்தினார்.

“அண்ணா, எல்லா டிசிஷனுக்கும் யுனானிமஸ்னு போட்டா, ஒருத்தர் மூஞ்சியைத் தூக்கி வெச்சாலே வேலை நின்னுடும். மெஜாரிட்டின்னு போட்டுடலாமே?”

நொத்தாரிசு அண்ணை அவரை இரக்கத்தோடு பார்த்தார். “தம்பி, உங்கட இந்தியாவிலை அப்பிடி இருக்கலாம். நாங்கள் ஒற்றுமையான ஆக்கள்.”

அந்த வருடம்தான் ஊரில் ஒரு தமிழ் இயக்கம் இன்னொரு தமிழ் இயக்கத்துப் பெடியளை வீதியில் போட்டுச் சுட்டிருந்தது. சென்னைக்காரர் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு எழுதிக்கொடுத்தார்.

கையெழுத்து வைக்க வேண்டிய கிழமை, ஏழு பேரில் ஒருவன் பிரான்சுக்குத் தாண்டிவிட்டான். மிச்சம் ஆறு. தலைவர், நொத்தாரிசு அண்ணை, என் கணவர், தங்கச்சியின் கணவர், கலியாணமாகாத சகோதரர்கள் இரண்டு பேர். ஏழாவது ஆளுக்கு எங்கே போவது? எங்கேயும் போகத் தேவையிருக்கவில்லை. ஹைமில் எங்கள் மாடியிலேயே, அதே குசினியில், எங்களோடு சேர்ந்து சமைக்கிற ஒரு நல்ல மனிதர் இருந்தார். ஜேர்மன் மொழிகூட எங்கள் எல்லோரையும்விடக் கொஞ்சம் பேசுவார். அவரைக் கேட்கலாமே என்றேன். தலைவர் குரலைத் தாழ்த்தி, “அவை வேறை ஆக்கள்” என்றார். ஐயாயிரம் மைல் கடந்து, எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தோம் என்று எல்லா அலுவலகத்திலும் சொன்னோம். சாதியை மட்டும் பெட்டிக்குள் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தோம். கடைசியில் அந்த மனிதரைச் சேர்ப்பதிலும் பார்க்க ஒரு பெண்ணைச் சேர்ப்பது பரவாயில்லை என்று முடிவு செய்து என்னைக் கூப்பிட்டார்கள்.

“சும்மா ஒரு கையெழுத்துத்தான். வேறை ஒண்டும் செய்யத் தேவையில்லை” என்றார் கணவர்.

நானும் வைத்தேன். அந்த மனிதருக்காக அங்கே ஒரு வார்த்தை சண்டை பிடித்தேனா என்றால், இல்லை. எனக்கு அறை வேண்டும்.

கையெழுத்தை உறுதிப்படுத்த உண்மையான ஜேர்மன் நொத்தாரிசிடம் போனபோது நொத்தாரிசு அண்ணை கடன் வாங்கின கோட்டோடு வந்தார். அந்த ஜேர்மன்காரர் ஆட்களின் அடையாளத்தைப் பார்த்தார், கையெழுத்தைப் பார்த்தார், முத்திரை குத்தினார். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு வரிகூட வாசிக்கவில்லை. நொத்தாரிசு அண்ணைக்கு அது பெரிய மனவருத்தம்.

நீதிமன்றத்தில் வாசித்தார்கள். யாப்பு இரண்டு முறை திரும்பி வந்தது. ஓர் உறுப்பினர் சங்கத்தைவிட்டு எப்படி விலகுவது என்று எழுதவில்லை என்றது முதல் கடிதம். “சேர முதலே போற கதையா?” என்று நொத்தாரிசு அண்ணை கோபித்தார். இரண்டாவது கடிதத்தில், எல்லாத் தீர்மானத்துக்கும் ஏழு பேரும் சம்மதிக்கவேண்டும் என்பதைத் தெரிந்துதான் எழுதினீர்களா என்று கேட்டிருந்தார்கள். ஓம், தெரிந்துதான் என்று தலைவர் கையொப்பமிட்டுப் பதில் போட்டார். இலையுதிர் காலத்தில் சங்கம் பதிவாயிற்று. தங்கச்சி முழுகாமல் இருக்கிறாள் என்பதும் அந்த நாட்களில்தான் தெரியவந்தது.

முதல் கூட்டத்துக்குத் தலைவர் ஒரு பிரேரணை கொண்டுவந்தார். கிழவியின் வீட்டில் ஓர் அறை அவருக்கும் குடும்பத்துக்கும். மற்ற அறை சங்கத்தின் காரியாலயமும் நூலகமும். கைகள் உயர்ந்தன. என் கணவரின் கையும்தான், செயலாளருக்கு மேசை வேண்டுமல்லவா. நான் என் கையை மடியில் வைத்திருந்தேன்.

“உம்மடை கை?” என்றார் தலைவர் என்னைப் பார்த்து.

“எனக்குச் சம்மதமில்லை. அங்கை பிள்ளையள் உள்ள குடும்பம்தான் இருக்க வேணும்.”

எல்லோரும் நொத்தாரிசு அண்ணையைப் பார்த்தார்கள். அவர் யாப்பை எடுத்து அந்த வரியை வாசித்தார். இரண்டாம் முறை வாசித்தார். மூன்றாம் முறை வாசித்தபோது முகம் மாறியது. சும்மா ஒரு கையெழுத்துக்குக் கூப்பிட்ட பெண்ணின் கை இல்லாமல் ஒரு துரும்பும் அசையாது என்று அன்றைக்கு எல்லோருக்கும் விளங்கியது. எனக்கும் விளங்கியது. ஒளிக்காமல் சொல்லுகிறேன், அந்தச் சந்தோசம் லேசானதல்ல. ஹைமுக்குத் திரும்ப நடக்கையில் நான் இரண்டு அங்குலம் வளர்ந்திருந்தேன்.

ஆனால் என்னிடம் இருந்த அந்தக் கை மற்ற ஆறு பேரிடமும் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு ஒரு கிழமைகூடத் தேவைப்படவில்லை. எங்கள் குடும்பமும் தங்கச்சி குடும்பமும் போகலாம் என்று பிரேரணை வந்தபோது தலைவர் கை தூக்கவில்லை. தலைவரும் நாங்களும் என்று வந்தபோது தங்கச்சியின் கணவர் தூக்கவில்லை. நூலகம் இல்லாத எதற்கும் சகோதரர்கள் தூக்கவில்லை. அவர்கள் இரண்டு பேரும் ஒரு புத்தகத்தைக் கையில் வைத்திருந்ததை நான் கண்டதில்லை. ஒருவனுக்கு மற்றவன் மேல் கோபம் வந்தால், அவன் முன்மொழிகிற எதற்கும் கை எழாது. சூடாக்கியை வாங்குவதா வேண்டாமா என்று ஒரு பின்னேரம் முழுவதும் போயிற்று. அப்படியென்றால் அந்த வரியையே மாற்றுவோம் என்று என் கணவர் சொன்னார். மாற்றுவதற்கும் ஏழு கை வேண்டும். நொத்தாரிசு அண்ணை மறுத்துவிட்டார்.

“என்ரை யாப்பிலை பிழையில்லை. ஆக்களிலைதான் பிழை.”

அவர் சொன்னதில் பாதி உண்மை என்று இப்போது தோன்றுகிறது.

கடைசியில் வெட்கத்தை விட்டு அந்தச் சட்டத்தரணிப் பெண்ணிடமே போனோம். அவள் யாப்பை முழுவதும் வாசித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். வாய்க்கால் எதற்கு என்று கேட்டாள். இதில் நான் செய்யக்கூடியது எதுவுமில்லை, ஏழு பேரும் ஒன்றாகச் சம்மதித்தால் அரை மணித்தியாலத்தில் திருத்தலாம் என்றாள். அந்தப் பெண் அதற்குக் காசு வாங்கவில்லை. வாங்கியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் மானம் மிஞ்சியிருக்கும்.

இதற்குள் கிழவி பொறுத்துப் பொறுத்து, தை மாத முடிவுக்குள் எந்த எந்தக் குடும்பம் என்று பெயர் எழுதிய தீர்மானத்தைக் கொண்டுவராவிட்டால் வீட்டை வேறு யாருக்காவது கொடுக்கப்போவதாகச் சொல்லியனுப்பினாள். கடைசி ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், ஹைமின் குசினியில் கூட்டம் வைத்தோம். அந்தக் கிழமை முழுவதும் தலைவர் ஒவ்வொருவராகச் சந்தித்துப் பேசியிருந்தார். சகோதரர்களுக்குப் பரண் அறையில் நூலகமும் கரம் விளையாட ஒரு பலகையும் என்று முடிவாகியிருந்தது. நொத்தாரிசு அண்ணை களைத்துப்போயிருந்தார். தங்கச்சி சங்கத்தில் இல்லை, ஆனாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கதவடியில் வந்து நின்றாள்.

தலைவர் எழுந்தார். தன் குடும்பத்துக்கு ஓர் அறை. மற்ற அறை தங்கச்சி குடும்பத்துக்கு, பிள்ளை பிறக்கப்போகிறபடியால். நான் நிமிர்வதற்குள் என் கணவர் எழுந்துவிட்டார்.

“பொதுநன்மை எண்டு வரேக்கை தனிப்பட்ட விசயத்தைப் பாக்கேலாது. எங்கட குடும்பம் விட்டுக்குடுக்குது.”

கை தட்டினார்கள். அவர் தலையைச் சாய்த்து அதை ஏற்றுக்கொண்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் மகனின் இருமலை அவர் சங்கத்துக்கு நன்கொடையாகக் கொடுத்துவிட்டார்.

ஆறு கைகள் உயர்ந்தன. நொத்தாரிசு அண்ணையின் கையும் உயர்ந்தது. முதல் கூட்டத்துக்குப் பிறகு முதல்தடவையாக ஆறு பேர் ஒரு விசயத்தில் ஒத்துப்போயிருந்தார்கள். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், இனி என்ன, முடிந்ததுதானே என்பது போல. தங்கச்சியும் கதவடியிலிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

“இஞ்சரும், கையைத் தூக்கும்” என்றார் கணவர்.

“ஏலாது.”

தலைவர் மூன்று தரம் கேட்டார். மூன்று தரமும் நான் அதையே சொன்னேன். கணவரின் வீறாப்பை உடைக்கத்தான் அப்படிச் செய்தேன் என்று பல வருடங்கள் எனக்கு நானே சொல்லி வந்தேன். அது சப்பைக்கட்டு. எனக்கு அந்த அறை வேண்டியிருந்தது. எனக்கு இல்லையென்றால் ஒருவருக்கும் வேண்டாம் என்றுதான் அந்த நேரம் நினைத்தேன், அந்தச் சொற்களிலேயே நினைத்தேன். ஊரில் வேலிக் கதியாலுக்காக மூன்று தலைமுறை வழக்காடியவர்களைப் பார்த்துச் சிரித்தவள் நான். இவ்வளவு நேரமும் அந்த ஆண்களைக் கேலி செய்துகொண்டு வந்தேனே, அவர்களில் ஒருவர்கூட ஒரு பிள்ளைத்தாச்சியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு கையை மடியில் வைத்திருக்கவில்லை.

வீடு முயல் வளர்ப்போர் சங்கத்துக்குப் போயிற்று. கூடுகளையும் வெற்றிக் கிண்ணங்களையும் வைக்க அவர்களுக்கு இடம் தேவைப்பட்டதாம். அவர்களுடைய யாப்பில் பெரும்பான்மை என்று எழுதியிருக்கும்.

தங்கச்சி என்னோடு கோபிக்கவில்லை. அது எனக்குத் தண்டனையாக இருந்தது. சேலைக்கு அந்தப் பக்கமிருந்து வழக்கம்போலக் கதைத்தாள், உப்புக் கேட்டாள், மகனின் இருமலுக்குக் கொத்தமல்லி அவித்துத் தந்தாள். பங்குனி மாதம் பெண் குழந்தை பிறந்தது. அவளுக்கு இங்கே தாயுமில்லை, சகோதரமுமில்லை. நான்தான் சரக்கு அரைத்துப் பத்தியக் கறி வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அந்த அறை வெள்ளையாக, சூடாக, காய்ந்த சுவரோடு இருந்தது. நாளைக்குப் பிள்ளையைக் கொண்டு ஹைமுக்கே வரவேண்டும். அவள் சோற்றைப் பிசைந்து இரண்டு வாய் சாப்பிட்டாள். குழந்தை என் மடியில் கிடந்தது. அந்தக் கூட்டத்தைப் பற்றிப் பேசாமலே விட்டுவிடுவாள் என்றுதான் நான் நம்பியிருந்தேன்.

“அக்கா, அண்டைக்கு உங்கட இடத்திலை நான் இருந்திருந்தா, நானும் கை தூக்கியிருக்க மாட்டன்” என்றாள்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவள் இன்னொரு வாய் சோற்றை எடுத்தாள்.

“ஆனா நீங்கள் தூக்குவியள் எண்டு நினைச்சனான்.”